தன்னையே வேலையை விட்டு நிறுத்தியவள்

கொடைக்கானல் மலையில் பெருமாள்மலை முக்கில், பழனிக்குப் போகிற ரோடு பிரியும் இடத்துக்கு எதிரே சண்முகவள்ளியின் டிபன் கடை இருக்கிறது. நாலு பெஞ்சு, ஒரு தோசைக்கல், மேலே தகரம். அவள் கணவன் நாச்சிமுத்து கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வேன் ஓட்டுகிறவன். அதனால் கடை முழுக்க அவள் பாடுதான். மாவாட்டுவது, சுடுவது, பரிமாறுவது, கல்லாவில் உட்காருவது எல்லாம் அவளே.

எதையும் போனால் போகட்டும் என்று விடுகிற குணம் அவளுக்குக் கிடையாது. தக்காளிப் பையின் அடியில் அழுகலைப் போட்டுக் கொடுத்தால், அந்தப் பையோடு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்க் கடைக்காரன் முன்னால் கொட்டிவிட்டு வருவாள். பஸ் காசு தக்காளி விலையைவிட அதிகம் என்று நாச்சிமுத்து தலையில் அடித்துக்கொள்வான். "காசுக்கா போனேன்?" என்பாள் அவள்.

மலையில் மாவு புளிப்பதே பெரும்பாடு. பழைய கிரைண்டரும் பாதி ஆட்டத்தில் நின்றுபோக ஆரம்பித்தபோது, கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இருந்த பொன்னிலா ஹோம் ஷாப்புக்குப் போய்ப் பெரிய கிரைண்டராக ஒன்று பார்த்தாள். மொத்தப் பணம் கையில் இல்லை. "எதுக்குக்கா மொத்தமா? நம்ம கடை கார்டு போட்டுக்குங்க, மாசாமாசம் கட்டலாம்" என்றான் பிரசாந்த். பிரசாந்த் அந்தக் கடையில் விற்பனையாளன். ஊர் பெருமாள்மலைதான். காலையில் வேலைக்குப் போகும் வழியில் அவள் கடையில் தோசை தின்கிறவன். தெரிந்த பையன் சொன்னால் தப்பாக இருக்காது என்று அவளும் உட்கார்ந்தாள்.

அவன் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே பேசினான். ஆதார் கேட்டான். அவள் போனுக்கு வந்த ஓடிபியைக் கேட்டான். பிறகு இன்னொரு ஓடிபி வந்தது.

"இது என்னத்துக்கு தம்பி?"

"கார்டுக்குப் பாதுகாப்புக்கா. நாளப்பின்ன தொழில் படுத்துச்சுன்னா உங்க தவணைய இன்சூரன்ஸே கட்டிரும். எல்லாத்துக்கும் போடுறதுதான்."

கிரைண்டர் வேனில் ஏறுகிறதா, கீறல் விழுகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அவள், எண்ணைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் போல ஒரு தவணை தவறவில்லை. கிரைண்டர் முடிந்து ஒரு ஃபிரிட்ஜும் அதே கார்டில் வந்தது. ஒவ்வொரு மாதமும் தவணையோடு ஒரு தொகை சேர்ந்து பிடிபட்டது. பாதுகாப்புக்குத்தானே என்று அவளும் விட்டிருந்தாள்.

போன ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு வளைவில் மண் சரிந்து பாதி ரோட்டையே இழுத்துக்கொண்டு போனது. பழனி ரோட்டிலும் பாறை உருண்டு கிடந்தது. மேலே ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. முக்கில் எப்போதும் நிற்கும் ஜீப்பும் பஸ்ஸும் டூரிஸ்ட் வேனும் ஒன்றுகூட இல்லை. ஈரத்தில் நனைந்த நாய்கள் நடு ரோட்டில் படுத்துக்கிடந்தன. நாச்சிமுத்துவின் வேன் வீட்டு வாசலில் நின்றது. சண்முகவள்ளி ஆட்டிய மாவை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

தவணைத் தேதி வந்தபோதுதான் பிரசாந்த் சொன்னது ஞாபகம் வந்தது. கார்டின் பின்னால் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். பாட்டெல்லாம் பாடி முடித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"கிளெய்ம் பண்ணலாம் மேடம். உங்களை வேலையை விட்டு நிறுத்தினதுக்கு உங்க முதலாளி குடுத்த லெட்டர் வேணும்."

"எனக்கு முதலாளி யாரும்மா இருக்கா? கடை என்னோடது."

"அப்போ நீங்க இந்த பாலிசிக்குத் தகுதி இல்லை மேடம். இது சம்பளத்துக்கு வேலை பாக்குறவங்களுக்கு மட்டும்தான்."

"தகுதி இல்லைன்னா, இப்ப இல்லையா, எப்பவுமே இல்லையா?"

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். "ஆரம்பத்துல இருந்தே இல்லை மேடம்."

"அப்ப ஆரம்பத்துல இருந்து எங்கிட்டப் புடிச்ச காசு?"

மறுபக்கம் மறுபடி தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் சண்முகவள்ளியைக் கிளப்பிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டிவிட்டு விட்டிருப்பாள்.

"லெட்டர்தானே வேணும்? அனுப்புறேன்" என்று போனை வைத்தாள்.

பத்தாவது வரை படித்தவள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அடுப்பு மேடையில் வைத்து எழுதினாள். 'பெருமாள்மலை முக்கில் டிபன் கடை நடத்திவரும் சண்முகவள்ளி ஆகிய நான், என் கடையில் மாவாட்டியும் தோசை சுட்டும் பரிமாறியும் வந்த சண்முகவள்ளியை, ரோடு மூடிக் கிடப்பதால், இன்றிலிருந்து வேலையை விட்டு நிறுத்துகிறேன். அவள் நல்ல வேலைக்காரி. அவள்மேல் குறை ஒன்றுமில்லை.' கீழே முதலாளி என்று போட்டு ஒரு கையெழுத்து, தொழிலாளி என்று போட்டு அதே கையெழுத்து. போனில் படம் பிடித்து அனுப்பிவிட்டாள்.

நாச்சிமுத்து படித்துவிட்டு முதலில் சிரித்தான். பிறகு, "வம்ப வெலைக்கு வாங்குற வள்ளி" என்றான்.

ரோடு திறந்தது. முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்த அன்று கடையில் உட்கார இடமில்லை. அந்தக் கூட்டத்தில்தான் கூரியர்காரன் பொன்னிலா கம்பெனியின் கவர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். போலி ஆவணம் கொடுத்துக் காப்பீட்டுத் தொகை பெற முயன்றதற்காக அவள்மேல் சட்ட நடவடிக்கை எடுக்க நேரிடும் என்று அதில் இருந்தது. கட்டாத தவணைக்கு அபராத வட்டியும் போட்டிருந்தார்கள்.

நாச்சிமுத்துவுக்கு முகம் வெளிறிவிட்டது. "அந்தக் காச அவனுகளே வச்சுக்கட்டும். மன்னிப்புக் கேட்டு எழுதிப் போட்ரு. போலீசு, கோர்ட்டுன்னு நமக்கு எதுக்கு?"

"நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? நானா போலி? அவுங்க பாலிசிதான் போலி. செருப்புப் போடாதவன்கிட்ட செருப்புக்குப் பாலிஷ் வித்துருக்கானுக. கேட்டா என்னையத் திருடிங்கறானுக."

தோசை தீய்ந்து புகை வந்தது. அவள் திரும்பவில்லை.

கூக்கால் கிராமத்தில் பூண்டு போடும் தண்டாயுதபாணி என்றொருவர் அந்த நேரம் பெஞ்சில் இருந்தார். முளைக்காத விதைப்பூண்டை விற்ற கடைக்காரர்மேல் திண்டுக்கல் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு வாங்கியவர் அவர். "வக்கீலே வேணாம்மா. இம்புட்டுத் தொகைக்கு ஃபீசும் கெடையாது. நடந்தத நடந்தபடி எழுதிக்குடு. ஆனா நடையா நடக்க வைப்பாக, அதுக்குத் தெம்பு வேணும்" என்றார்.

"நாளெல்லாம் நின்னுக்கிட்டுத்தானே கெடக்கேன். கொஞ்சம் நடந்தாத்தான் என்ன?" என்றாள்.

முதலில் அந்தப் பொன்னிலா கம்பெனிக்கே புகார் எழுதினாள். கிடைத்த பதில் நாலே வரி, நாலும் ஒரே மாதிரி. பாலிசி விண்ணப்பத்தின் நகலைக் கேட்டாள். மூன்று தடவை கேட்ட பிறகு வந்தது. அதில் தொழில் என்ற இடத்தில் 'சம்பளதாரர்' என்று இருந்தது. நிறுவனம் என்ற இடத்தில் 'சண்முகவள்ளி டிபன்' என்று அவள் கடைப் பெயரே இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு முன்னாலேயே அவளை அவள் கடைக்கு வேலைக்காரி ஆக்கியது இவர்கள்தான்.

அதையும் சேர்த்து வைத்து, ஒரு நாள் கடையை மூடிவிட்டு, வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் போய் வழக்கைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கம்பெனிக்குக் கோர்ட் நோட்டீஸ் போன மறுவாரம், காலையில் கடை கூட்டம் குறைந்த நேரம் பிரசாந்த் வந்தான். எப்போதும் உள்ளே வந்து உட்காருகிறவன், அன்று வாசலில் நின்றான்.

"அக்கா, கேச வாபஸ் வாங்கிருங்கக்கா."

"ஏன்?"

"எம்மேல திருப்புறாங்க. 'நீதானே சம்பளம்னு போட்ட'ங்கறாரு மேனேஜர். அந்தக் கட்டத்துல வேற எதையும் போட்டா ஸ்கிரீன் அடுத்த பக்கத்துக்கே போகாதுக்கா. அப்படிப் போடச் சொன்னதே அவருதான். பாலிசி இல்லாம கார்டு போட்டா, அன்னைக்குச் சாயந்திரம் எல்லாருக்கும் முன்னால நிக்க வச்சுக் கேப்பாரு."

"ஒனக்குத் தெரியுமா, அது எனக்கு உதவாதுன்னு?"

அவன் தலையைத் திருப்பி ரோட்டைப் பார்த்தான். அவளுக்கு ஒரு கணம் கரண்டியாலேயே போடலாம் போல இருந்தது. அவன் கண்ணில் நீர் தளும்பியதைப் பார்த்ததும் கை இறங்கியது.

"ஏலே, இங்க பாரு. கேச விட மாட்டேன். ஒன்னையவும் மாட்டிவிட மாட்டேன். இப்ப எங்கிட்டச் சொன்னத அங்க வந்து சொல்லு."

"வேலை போயிரும்க்கா."

"யோசிச்சுச் சொல்லு. இப்ப உள்ள வந்து தின்னுட்டுப் போ."

அவன் தின்னவில்லை. போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து மேனேஜரே காரில் வந்து இறங்கினார். பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். காபி கேட்டார். நல்ல காபி என்றார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"உங்க பணம் முழுசும் திரும்ப வந்துரும்மா. அபராதமும் கேன்சல். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

வாங்கிப் படித்தாள். விற்பனையாளர் பிரசாந்த் என்பவர் கம்பெனிக்குத் தெரியாமல், தன் சொந்த லாபத்துக்காக, பொய் சொல்லி அவளிடம் பாலிசியை விற்றதாகவும், கம்பெனிமேல் அவளுக்குப் புகார் எதுவும் இல்லை என்றும் எழுதியிருந்தது.

நாச்சிமுத்து அன்று சந்தைக்குப் போகாமல் கடையில்தான் இருந்தான். அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். "பணம் வந்துருதுல்ல வள்ளி" என்று மெதுவாகச் சொன்னான். அவளுக்கும் ஒரு நிமிஷம் மனசு ஆடத்தான் செய்தது. வழக்கு என்று ஆனதிலிருந்து தூக்கம் சரியில்லை. இனித் திண்டுக்கல்லுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் கடை மூடிக் கிடக்கும். கையெழுத்துப் போட்டால் நாளைக்கே தலைவலி தீர்ந்துவிடும். அந்தப் பையனும் அவள் கேட்டபோது வாய் திறக்காமல் நின்றவன்தானே.

"சார், மாசாமாசம் எங்கிட்டப் புடிச்ச காசு பிரசாந்து பைக்குள்ள போச்சா, ஒங்க கம்பெனிக்கு வந்துச்சா?"

"அது... கம்பெனி வழியாத்தான் வரும்."

"வந்ததத் திருப்பிக் குடுக்குறது ஒங்க கடமை. அதுக்கு நான் எதுக்கு இன்னொருத்தன் தலையக் குடுக்கணும்?"

"யோசிச்சுப் பேசுங்க. கோர்ட்ல உங்க அந்த லெட்டர் ஒண்ணு போதும், கேஸ் நிக்காது."

"நிக்குதா உக்காருதான்னு அங்க பாப்போம். காபிக்குக் காசு அங்க வச்சுருங்க."

கார் போனதும் நாச்சிமுத்து டம்ளரை எடுத்துப் போய்க் கழுவினான். கவிழ்த்து வைத்துவிட்டு, "அந்தப் பய வராம விட்டான்னா?" என்று மட்டும் கேட்டான்.

"வருவான்."

அவன் வரவில்லை. விசாரணை நாளன்று முதல் பஸ்ஸில் நாச்சிமுத்துவும் அவளும் திண்டுக்கல்லில் போய் இறங்கினார்கள். மலைக் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வராந்தாவில் படியேறி வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசாந்துக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருந்தான். பெயர் கூப்பிட்டபோது ஸ்வெட்டரை நாச்சிமுத்துவிடம் கொடுத்தாள். உள்ளே போய்க் கைகூப்பி நின்றாள். எதிரே நுகர்வோர் கோர்ட்டின் தலைவரும் ஒரு பெண் உறுப்பினரும் உட்கார்ந்திருந்தார்கள்.

கம்பெனி வக்கீல் இளைஞர், நன்றாகப் பேசினார். ஓடிபி கொடுத்தது இவர்தான், எனவே இவர் சம்மதம் உண்டு என்றார். பிறகு அந்த லெட்டரை எடுத்து நீட்டினார். முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஆள், ஒரே கையெழுத்து, அப்பட்டமான மோசடி என்றார். பெண் உறுப்பினர் அதை வாங்கிப் படித்தார். 'அவள் நல்ல வேலைக்காரி' என்ற இடத்தில் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"எதுக்கும்மா இப்படி எழுதினீங்க?"

"முதலாளி லெட்டர் இல்லாம முடியாதுன்னாகம்மா. எங்கடைக்கு என்னைய விட்டா முதலாளி யாரு? ஒரே ஆளுதான்னு தெரியட்டும்னுதான் ரெண்டு எடத்துலயும் ஒரே கையெழுத்துப் போட்டேன். ஏமாத்த நெனைச்சா வேற பேரு எழுதத் தெரியாதா எனக்கு?"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் விடவில்லை. குரலை உயர்த்தினார்.

"அய்யா, அடிப்படையிலேயே இந்தப் புகார் நிக்காது. இவங்க நுகர்வோரே கிடையாது. கிரைண்டரும் ஃபிரிட்ஜும் வாங்கினது வியாபாரத்துக்கு. சொந்தமா ஹோட்டல் நடத்துற வியாபாரி இவங்க."

அதுவரை மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற சண்முகவள்ளி நிமிர்ந்தாள். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அய்யா, நான் ஒண்ணு கேக்கலாமா? இந்த சார் என்னைய வியாபாரிங்கறாக. இவுக கம்பெனி பாலிசியில சம்பளக்காரின்னு எழுதிருக்கு. காசு புடிக்கிறப்ப நான் சம்பளக்காரி, காசு கேட்டா வியாபாரியா? நான் யாருன்னு அவுகளே ஒரு முடிவுக்கு வந்து சொல்லட்டும். எதச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்."

தலைவர் விண்ணப்ப நகலைத் திருப்பினார். வக்கீலைப் பார்த்து, "இவங்க சொந்தக் கடை நடத்துறவங்கன்னு நீங்களே சொல்றீங்க. அப்படின்னா இந்தப் பாலிசியில இவங்களுக்கு எந்தக் காலத்திலயாவது ஒரு ரூபா கிடைச்சிருக்குமா?" என்றார்.

வக்கீல் தாள்களைப் புரட்டினார். "அது விற்பனையாளர் தவறா உள்ளிட்டது, அய்யா. கம்பெனி பொறுப்பாகாது."

"அந்த விற்பனையாளர் உங்கள ஏமாத்தினாராம்மா?" என்று தலைவர் அவளைக் கேட்டார்.

சண்முகவள்ளி கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். யாரும் இல்லை. கோபம் நெஞ்சுக்குழி வரை வந்தது. ஆமாம் என்று சொன்னால் இன்றைக்கே முடிந்துவிடும் என்று தோன்றியது.

"தப்பாத்தான் சொன்னாருங்கய்யா. அதுல எனக்கு வருத்தந்தான். ஆனா, அந்தக் கடையில யாரு ஒக்காந்துருந்தாலும் அதத்தான் சொல்லிருப்பாக. அந்தப் பையன மட்டும் தப்புன்னு எழுதுனா காசத் தர்றேன்னு மேனேஜர் சாரே எங்கடைக்கு வந்து தாள நீட்டுனாரு. நான் மாட்டேன்னுட்டேன். எம்புகாரு கம்பெனி மேலதான்."

"தாளை நீட்டினாரா?" என்றார் தலைவர். வக்கீல் அதற்கு ஆட்சேபம் சொன்னார். தலைவர் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகும் இரண்டு வாய்தா ஆனது. உத்தரவு வந்தபோது மலையில் பேரிக்காய் சீசன். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்துக் கடை நடத்துகிறவர் நுகர்வோர்தான் என்றும், பயன்படவே முடியாத ஒரு காப்பீட்டை விற்றது முறையற்ற வணிகம் என்றும், ஊழியர் செய்ததற்குக் கம்பெனியே பொறுப்பு என்றும் அதில் இருந்தது. பிடித்த தொகையை வட்டியோடு திருப்ப வேண்டும், அபராதத்தை நீக்க வேண்டும், மனஉளைச்சலுக்கு நஷ்ட ஈடும் வழக்குச் செலவும் தர வேண்டும். லெட்டரில் ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று அதற்கும் ஒரு வரி. நாச்சிமுத்து அந்த வரியை மட்டும் மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். கம்பெனி அப்பீல் போகப் போவதாகச் சொன்னது. போகவில்லை. பணம் கணக்கில் ஏறிவிட்டது.

அடுத்த வாரம் ஒரு காலை, பிரசாந்த் வந்தான். இளைத்திருந்தான். வழக்கு முடிவதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டு இப்போது தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறானாம். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"என்னால வர முடியலக்கா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். ஏறத் தைரியம் வரல."

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "அன்னைக்கு அந்தக் கதவையே பாத்துக்கிட்டு நின்னேன்டா. அத நான் லேசுல மறக்க மாட்டேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோசையை அவன் இலையில் வைத்துவிட்டு, சட்னியை ஊற்றிவிட்டு, எதிரிலேயே நின்றாள்.

"இந்த முக்குல வேற யாரு யாருக்கு வித்துருக்க?"

அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். அங்கே அம்சவள்ளி டூரிஸ்ட் வேனுக்குள் கையை நீட்டி மக்காச்சோளம் விற்றுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தள்ளி ஜீப் ஸ்டாண்டில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். "அவங்களுக்கு ஒரு டிவி. ஜீப்காரங்கள்ல முக்காவாசிப் பேருக்கு. எல்லாருக்குமே சம்பளதாரர்னுதான் போட்டேன்" என்றான்.

"இந்தத் தடவ கோர்ட்டுல வந்து சொல்லுவியா?"

"சொல்றேன்க்கா. இப்ப அவங்ககிட்ட வேலை பாக்கலையே."

"இப்படி வேலை போனதுக்கப்புறம் வர்ற தைரியம் என்ன தைரியமோ" என்றாள் சண்முகவள்ளி. ஆனாலும் அடுப்பைத் தணித்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ரோட்டோரம் வந்து நின்றாள். மேலேறும் லாரி ஒன்று இரைந்துகொண்டு கடந்து போனது. அது போகும்வரை காத்திருந்து குரல் கொடுத்தாள்.

"ஏ அம்சவள்ளி! டிவி வாங்குன கார்டு கையில இருக்கா? வெரசா எடுத்துக்கிட்டு வா. ஒரு சோலி கெடக்கு!"